புத்தகத்தை நிறுத்த வேண்டாம், புகாருக்கு எண் வாங்குங்கள்

கேள்வி:

ஐயா, தேவகோட்டைப் பக்கம் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கணவர் காரைக்குடியில் சிறிய கடை வைத்திருக்கிறார். மாமியார், கல்லூரியில் படிக்கும் மகன் என்று வீட்டில் நால்வர். எனக்குப் புத்தகப் பித்து உண்டு. மாதம் 1,500 ரூபாய் அதற்குப் போகிறது. இந்த மாதம் 3ஆம் தேதி ஒரு புத்தகக் கடையின் கியூஆர் குறியீட்டுக்கு யூபிஐ மூலம் 2,340 ரூபாய் அனுப்பினேன். கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரர் வரவில்லை என்கிறார். வங்கியில் கேட்டால் செயலியில் கேளுங்கள் என்கிறார்கள்; செயலியோ வங்கியைக் கை காட்டுகிறது. இன்று 15ஆம் தேதி. இணையத்தில் தேடி ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசினேன். அவர் ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொன்னதும் பயந்து வைத்துவிட்டேன். நாங்கள் வாடகைக்கு இருப்பது நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய பழைய வளவு வீட்டின் ஒரு பகுதி. உள்ளே சிக்னல் கிடையாது, ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மூன்று போனுக்கும் 28 நாளுக்கு ஒருமுறை தலா 299 ரூபாய். பாஸ்புக்கில் 436, 236, 149 என்று புரியாத கழிவுகள். கடன் வேண்டுமா என்று நாளெல்லாம் அழைப்புகள். போன ஆண்டு உறவினர் விசேஷங்களுக்கு மொய், சீர் என்று செய்யும் செய்முறைக்கே நாற்பதாயிரம் ஆயிற்று. 20ஆம் தேதிக்கு மேல் கையில் பணம் நிற்பதில்லை. புத்தகத்தை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கணவர். நிறுத்தத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் பத்து விஷயங்கள் இருந்தாலும் நீங்கள் மனத்தாங்கலோடு கேட்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.

வங்கிக் கிளைகளில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்துச் சொல்வதே என் வேலை. வீட்டில் பணத் தட்டுப்பாடு வரும்போது கண்ணில் படுகிற செலவின் மீதுதான் பழி விழும். புத்தகம் அலமாரியில் அடுக்கி நிற்கிறது, யார் வந்தாலும் பார்க்கிறார்கள். ரீசார்ஜும் வங்கிக் கழிவும் மொய்ப் பணமும் எங்கேயும் அடுக்கி நிற்பதில்லை. அதனால் உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கை எழுதி அவர் முன் வையுங்கள். கடை நடத்துகிறவருக்குக் கணக்கு புரியும்.

முதலில் அந்த 2,340 ரூபாய். அது உங்கள் பணம், அது திரும்பி வர வேண்டும். அதோடு கூடுதலாகவும் வர வேண்டும். தோல்வியடைந்த பணப் பரிமாற்றங்கள் குறித்து ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஒருவர் மற்றொருவருக்கு யூபிஐயில் அனுப்பிய பணம் கழிந்து, போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணத்தில் கழிவு மட்டும் நடந்து கடைக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாள் கெடு. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தாலும் அதே ஐந்து நாள்தான். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்காமலேயே அதைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. கேட்காதவர்களுக்கு அது வந்து சேர்வது அரிது என்பது என் அனுபவம்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 3ஆம் தேதி செலுத்தினீர்கள். கெடு 8ஆம் தேதியோடு முடிந்தது. நீங்கள் எனக்கு எழுதிய 15ஆம் தேதிக்குள் ஏழு நாள் கூடுதலாகிவிட்டது, 700 ரூபாய். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்கத்தில் யூடிஆர் எண் என்ற பரிவர்த்தனை அடையாள எண் இருக்கும். அதைப் புத்தகக் கடைக்காரருக்கு அனுப்பி, அந்த எண்ணை வைத்து அவருடைய வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சில கடைகளில் கியூஆர் அட்டை ஒரு கணக்குக்கும், குறுஞ்செய்தி வேறொரு கணக்குக்கும் இணைந்திருக்கும். குறுஞ்செய்தி வராததைப் பணமே வராததாக அவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. பணம் அவரிடம் போயிருந்தால் புத்தகம் வர வேண்டும் அல்லது அவர் திருப்பித் தர வேண்டும், அப்போது வங்கியைக் கேட்பதில் பயனில்லை. கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவரிடமும் இல்லை என்றால் பணம் இரண்டு வங்கிகளுக்கு நடுவே நிற்கிறது, வங்கிதான் பொறுப்பு.

இப்போது என் ஆதங்கத்தைச் சொல்ல வேண்டும். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, இருப்பிடச் சான்று என்று வருகிற மனுக்களுக்கு நாளெல்லாம் ந.க. எண் என்ற கோப்பு எண் போட்டுத் தன்பதிவேட்டில் ஏற்றுகிறவர் நீங்கள். தேதியும் எண்ணும் இல்லாத மனு எந்த மேசை இழுப்பறையில் போய்த் தூங்கும் என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? உங்கள் சொந்தப் பணம் போனபோது மட்டும் வங்கிக் கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். கவுன்டரில் இருந்தவர் செயலியைக் கை காட்டியதை நான் ஏற்கவில்லை. பணம் கழிந்தது அந்த வங்கிக் கணக்கில், அங்கே புகாரைப் பெற்றுக்கொண்டாக வேண்டும். ஆனால் எழுத்தில் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வராது.

செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனைக்குக் கீழே புகார் பதிவு செய்யும் இடம் இருக்கும். முதலில் அங்கே பதியுங்கள், ஓர் எண் கிடைக்கும். அடுத்து உங்களுக்குப் பழக்கமான நடையிலேயே கிளை மேலாளருக்கு ஒரு கடிதம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பொருள்: யூபிஐ மூலம் செலுத்திய தொகை கணக்கில் கழிந்தும் பெறுநருக்குச் சேராதது, தொகையையும் இழப்பீட்டையும் கோருதல் தொடர்பாக. பார்வை: 1. நாளது மாதம் 3ஆம் தேதிய பரிவர்த்தனை, யூடிஆர் எண் (இங்கே எண்). 2. செயலியில் பதிந்த புகார் எண் (இங்கே எண்). 3. தோல்வியடைந்த பரிவர்த்தனைகளுக்கான கெடுவும் இழப்பீடும் குறித்த ரிசர்வ் வங்கியின் 20.9.2019 தேதிய சுற்றறிக்கை. பார்வை 1இல் கண்ட ரூ. 2,340 எனது கணக்கில் கழிக்கப்பட்டுள்ளது. பெறுநருக்குத் தொகை சேரவில்லை என அவர் எழுத்துமூலம் தெரிவித்துள்ளார், நகல் இணைப்பில். பார்வை 3இன்படி தொகையையும், 8ஆம் தேதிக்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 வீதம் இழப்பீட்டையும் எனது கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டமைக்கு நகலில் முத்திரையும் தேதியும் இட்டுத் தரவும்.”

அவ்வளவுதான். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். நகலில் முத்திரை வாங்காமல் கிளையைவிட்டு வெளியே வராதீர்கள். நேரில் போக விடுப்பு கிடைக்கவில்லை என்றால் பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து வங்கியின் குறைதீர் முகவரிக்கு அனுப்புங்கள். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டு. புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து வங்கி, வங்கியல்லாத நிதி நிறுவனம், பணப் பரிமாற்றச் செயலி எல்லாவற்றுக்கும் ஒரே திட்டமாக அதை ஆக்கிவிட்டார்கள். இணையத்திலேயே பதியலாம், கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழிமுறை கேட்கலாம். ஆனால் முத்திரை வைத்த அந்த நகல் இல்லாமல் அங்கே போனால் முதலில் வங்கியில் புகார் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே பதற வைத்தது வேறொரு வரி. இணையத்தில் தேடி எடுத்த சேவை எண்ணில் பேசினீர்களே, அது. பணம் சிக்கிக்கொண்டவர்கள் அடுத்து என்ன தேடுவார்கள் என்று தெரிந்தே போலி எண்களைத் தேடுபொறியில் விதைத்து வைத்திருக்கிறார்கள். அவர் இறக்கச் சொன்னது பெரும்பாலும் உங்கள் போன் திரையை அவருக்குக் காட்டும் செயலியாகத்தான் இருக்கும். அதை இறக்கியிருந்தால் நீங்கள் அழுத்தும் எண்ணும் வருகிற ஓடிபியும் அவர் கண் முன்னே இருந்திருக்கும். அந்த இடத்தில் போனை வைத்தீர்கள் பாருங்கள், மிகச் சரியான காரியம். சேவை எண் வேண்டுமென்றால் டெபிட் கார்டின் பின்பக்கம், பாஸ்புக், வங்கியின் சொந்தச் செயலி, இவற்றில் மட்டுமே பாருங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் எப்போதும் தேவையில்லை. பணம் திருப்புகிறேன், பின்னைப் போடுங்கள் என்று எவர் சொன்னாலும் அவர் எடுக்க வருகிறவர்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாருக்காவது அப்படிப் பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும். அதே கையோடு வங்கிக்கும் தெரிவித்து எண் வாங்க வேண்டும். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பே இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை விதி. நாமே ஓடிபியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம் தலையில்தான். தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. அதனால் அப்போதும் சொல்ல வேண்டும், வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது.

ஓடிபி விவகாரத்துக்கு வருகிறேன். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய அந்தக் கனத்த சுவர்கள் வெயிலைத் தடுப்பதோடு அலைபேசி அலையையும் தடுக்கின்றன. நீங்கள் இருப்பது இரண்டாங்கட்டு அறையாக இருந்தால் அதற்கும் தெருவுக்கும் நடுவே எத்தனை சுவர் என்று எண்ணிப் பாருங்கள். மொட்டைமாடிக்கு ஓட வேண்டாம். வானம் தெரிகிற வளவு முற்றத்து ஓரம் பெரும்பாலும் போதும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போன் அமைப்பில் ‘வைஃபை காலிங்’ என்று ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள். உங்கள் போனும் நிறுவனமும் அதற்கு இடம் கொடுத்தால் அழைப்பும் குறுஞ்செய்தியும் அந்த வழியில் வந்துவிடும். பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரின் போனைப் பாருங்கள். எதில் கோடுகள் நிற்கின்றனவோ அதற்கு மாறிக்கொள்ளலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் மாறுவதற்கான குறியீடு வரும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். மாறும் நாளில் சில மணி நேரம் போன் வேலை செய்யாது, யூபிஐ செயலியையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கலாம். ஆகவே சம்பளம் வருகிற நாளிலும் மகனுக்குக் கட்டணம் கட்டுகிற வாரத்திலும் அதைச் செய்யாதீர்கள்.

சிக்னல் பூஸ்டர் என்று ஒன்றை விற்பார்கள், வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம், அக்கம்பக்கத்தாரின் சிக்னலையும் அது கெடுக்கும்.

ரீசார்ஜ் கணக்கு எளிது. ஆண்டை 28ஆல் வகுத்தால் பன்னிரண்டு வராது, பதின்மூன்று வரும். 299 வீதம் ஒரு போனுக்கு ஆண்டுக்கு 3,887 ரூபாய், மூன்றுக்கும் 11,661. உங்கள் புத்தகச் செலவோ ஆண்டுக்கு 18,000. ஒன்று பித்து என்று பேர் வாங்குகிறது, இன்னொன்றை யாரும் பேசுவதே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு ஒரே தேதித் திட்டம் வசதி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாறாதீர்கள். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். இப்போது நீங்கள் கொடுப்பது நாளொன்றுக்கு 10 ரூபாய் 68 காசு. அதற்குக் கீழே வந்தால் மட்டுமே மாற்றம்.

உங்கள் மாமியார் போனில் இணையம் பார்க்கிறாரா? பேசுவதற்கு மட்டும் என்றால் அவருக்கு டேட்டாவோடு கூடிய திட்டம் எதற்கு? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் விதி திருத்தியது. அத்தகைய திட்டங்களின் காலத்தை 365 நாள் வரை நீட்டவும் அனுமதித்தது. அதற்குப் பிறகு 2025 தொடக்கத்தில் வந்த ஆண்டுத் திட்டங்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் இருந்தன. இன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் திட்டங்களை ரீசார்ஜ் கடைக்காரர் தாமாக எடுத்துக் காட்ட மாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

பாஸ்புக்கில் நிற்கும் எண்களில் 436 எனக்குப் பழைய அறிமுகம். அது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கான ஆண்டுச் சந்தா. மே மாதக் கடைசியிலோ ஜூன் ஒன்றையொட்டியோ கழிந்திருக்கும். எப்போதோ கணக்குத் தொடங்கியபோது கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இரண்டு லட்ச ரூபாய்க்கான காப்பீடு, வீண் செலவு இல்லை. கூடவே 20 ரூபாய் கழிந்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, அதையும் விடாதீர்கள். ஆனால் உங்களுக்கு வேறு வங்கிக் கணக்கு இருந்தால் அதிலும் 436 போகிறதா என்று பாருங்கள். எத்தனை இடத்தில் கட்டினாலும் இழப்பீடு ஓரிடத்தில்தான். நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்பதையும், இப்படி ஒரு காப்பீடு இருப்பது வீட்டாருக்குத் தெரியுமா என்பதையும் உறுதி செய்யுங்கள். அவர்களுக்குத் தெரியாத காப்பீட்டால் அவர்களுக்குப் பயன் இல்லை.

236 என்பது 200 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணமாகத்தான் இருக்கும். பயன்படுத்தாத கணக்கின் கார்டு என்றால் கார்டை ரத்து செய்யுங்கள், முடிந்தால் கணக்கையே மூடுங்கள். 149 மாதந்தோறும் வருகிறது என்றால் அது நீங்கள் முன்பு ஒருநாள் ஒரு ரூபாய்க்கோ இரண்டு ரூபாய்க்கோ சோதித்துப் பார்த்த ஏதோ ஒரு செயலி. புத்தகப் பிரியர் என்பதால் ஒலிப்புத்தகச் செயலியோ என்று சந்தேகிக்கிறேன். யூபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதிக்குப் போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் நிற்கும், அங்கேயே ரத்து செய்யலாம். போனிலிருந்து செயலியை அழித்துவிட்டால் கழிவு நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், நிற்காது. கேட்கிறீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் ஆண்டுக்கு 1,788 ரூபாய் கொடுப்பதற்கு அந்தப் பணத்தில் நீங்கள் ஆசைப்பட்ட தொகுப்பு ஒன்றை வாங்கிவிடலாம்.

அழைப்புத் தொல்லைக்கு 1909இல் பேசித் தொந்தரவு செய்யாதே பட்டியலில் எண்ணைச் சேருங்கள். 140 என்று தொடங்கும் எண்கள் விளம்பரத்துக்கு, 1600 என்று தொடங்குபவை வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டவை. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வங்கி பேசுகிறது என்று யாராவது சொன்னால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள். 20ஆம் தேதிக்கு மேல் அந்தக் கடன் அழைப்புகள் இனிக்கத் தொடங்கும். போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கிற கடன் செயலியின் பக்கமே போகாதீர்கள். உங்களுக்குப் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது, வட்டியில்லாப் பண்டிகை முன்பணம் இருக்கிறது, ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணமாக்கும் வசதி 2025 அக்டோபரிலிருந்து மீண்டும் வந்திருக்கிறது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு முகம் தெரியாத செயலியிடம் கடன் கேட்கத் தேவையில்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மாமியார் ரீசார்ஜில் இரண்டாயிரம், 149இல் 1,788, கார்டில் 236 என்று நான் மேலே பிடித்துக் கொடுத்தவை எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டுக்கு நாலாயிரம் சொச்சம்தான். மாதத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய்கூட ஆகாது. இருபதாம் தேதிப் பஞ்சத்தை அது தீர்க்காது. தீர்க்கக்கூடியது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரியில் இருக்கிறது, செய்முறை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை, துக்க வீடு என்று போன ஆண்டு நாற்பதாயிரம். புத்தகத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

செய்முறையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அதை விட்டுவிட்டு ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, நமக்கு வந்ததைத் திருப்புவதும் அதில் இருக்கிறது. சிக்கல் அதன் அளவில் இல்லை. அது எந்த மாதம் வரும் என்று எழுதி வைக்காததில் இருக்கிறது. ஆவணியிலும் தையிலும் பத்திரிகைகள் குவியும்போது அந்த மாதச் சம்பளத்தில் கை வைக்கிறீர்கள், அதை ஈடுகட்ட முன்பணம் வாங்குகிறீர்கள், அடுத்த பத்து மாதத்துக்கு அது சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. வீட்டில் மொய் நோட்டு இருக்கும். அதை எடுத்து யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கிறது, அவர்கள் வீட்டில் அடுத்து என்ன விசேஷம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். நாற்பதாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 3,334 வருகிறது. சம்பளம் வந்த மறுநாளே அந்தத் தொகை ஓராண்டுத் தொடர் வைப்புக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். முதல் ஆண்டு கஷ்டமாக இருக்கும், இரண்டு பக்கமும் இழுக்கும். ஈட்டிய விடுப்பைச் சரண் செய்த பணம் வந்தால் அதை அந்த முதல் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் காசுக்குக் காசு பேரேட்டில் எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்குப் போட்டு ஊருக்கு அனுப்பிய சீமை இது. நீங்கள் குடியிருக்கும் வீடே அந்தக் கணக்கிலிருந்து எழுந்ததாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓராண்டுக்கான வங்கி அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, கணவரும் நீங்களும் உட்கார்ந்து வீட்டுக்கு ஓர் ஐந்தொகை போடுங்கள். அவர் கையாலேயே எழுதட்டும். தன் கையால் எழுதிய கணக்கில் புத்தகம் எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரியும்.

சில்லறைச் செலவுக்குச் சம்பளக் கணக்கை யூபிஐயில் இணைக்காதீர்கள். இரண்டாவது கணக்கு ஒன்றில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் மாற்றி, அதை மட்டும் இணையுங்கள். ஏமாந்தாலும் அந்தத் தொகையோடு போகும். காய்கறிக்கும் டீக்கும் யூபிஐ லைட்டை வைத்துக்கொண்டால் 5,000 ரூபாய் வரை அதில் நிரப்பி, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமல் கொடுக்கலாம். வங்கி சர்வர் திணறுகிற நேரத்திலும் அது போய்விடும், பாஸ்புக்கும் பத்து ரூபாய் வரிகளால் நிரம்பாது. அப்போதுதான் 149 போன்றவை கண்ணில் படும்.

இனிப் புத்தகம். மாதம் 1,500 உங்கள் சம்பளத்துக்கு மிகுதி என்று நான் நினைக்கவில்லை. அதைத் தாண்டாமல் இருப்பதும் தவணையில் வாங்காமல் இருப்பதும்தான் முக்கியம். புத்தகம் அச்சாகும் முன்பே பணம் கட்டுகிற முன்வெளியீட்டுத் திட்டத்தில் சேரும்போது ரசீதையும், புத்தகம் எப்போது வரும் என்ற அறிவிப்பையும் சேமித்து வையுங்கள். புத்தகம் கையில் வரும் வரை அது நீங்கள் கொடுத்த கடன். அஞ்சல் செலவையும் பாருங்கள். அஞ்சல் துறை 2025 மே மாதத்திலிருந்து ‘கியான் போஸ்ட்’ என்று புத்தகங்களுக்கான சேவை ஒன்றை நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களுக்கு அது பொருந்தும். பதிப்பகத்தாரிடம் அதில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள், கூரியரைவிடப் பெரும்பாலும் மலிவாக முடியும்.

வாங்காமல் படிக்கக் கிடைப்பதும் நிறைய. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசம். பழைய இலக்கியங்களுக்கு 1998லிருந்து இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை இருக்கிறதா? வீட்டு வரி கட்டுகிறவர்கள் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். வாடகை வழியாக நீங்களும் அதில் பங்கு கொடுக்கிறீர்கள், அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முறை படிக்கப் போகிற நூலை நூலகத்தில் எடுங்கள், திரும்பத் திரும்பத் திறக்கப் போவதை வாங்குங்கள்.

உங்கள் கணவரிடம் கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லுங்கள். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும்தான் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அந்தத் தொகுப்பை வாங்கியதால் தமிழ் அச்சு வரலாற்றின் பெரும்பகுதி தப்பியது. உங்கள் அலமாரி அப்படி ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. இந்தச் சீமையில் புத்தகம் சேர்த்தது ஊதாரித்தனமாக இருந்ததில்லை என்று உங்கள் கணவருக்குத் தெரிந்தால் போதும்.

நாளைக் காலையிலேயே யூடிஆர் எண்ணைப் புத்தகக் கடைக்காரருக்கு அனுப்புங்கள். அவரிடம் பணம் இல்லை என்ற பதில் எழுத்தில் வந்ததும் கடிதத்தைக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வாங்கிய தேதியை எனக்கு எழுதுங்கள், நானும் குறித்து வைத்துக்கொள்கிறேன். 30 நாள் முடிந்தும் பணமும் இழப்பீடும் வராவிட்டால் குறைதீர்ப்பாளருக்கான மனுவை நான் பார்த்துத் தருகிறேன்.